கல்யாண நேரம் குறிக்கிற பெரியவங்களுக்கு ஒரு மடல்

பொண்ணு வீட்டுலயும் மாப்பிள்ளை வீட்டுலயும் உக்காந்து கல்யாணத்துக்கு நேரம் குறிக்கிற மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்து பாபநாசம் பக்கத்துலேந்து கல்யாண போட்டோ எடுக்குறவன் எழுதுறேன், பிலிம் ரோல் காலத்துல லைட் புடிக்கிற பையனா இந்தத் தொழிலுக்கு வந்தவன்.

போன ஆவணியில ஒரு கல்யாணம், 4.30 - 6 முகூர்த்தம். பொண்ணு ராத்திரி 2 மணிக்கே எந்திரிச்சு மேக்கப்புக்கு உக்காந்துச்சு, தாலி கட்டி, மேடையில சொந்தக்காரங்க ஒவ்வொருத்தர் கூடவும் நின்னு போட்டோ எடுத்து முடிக்கவே 12.30 ஆயிடுச்சு, அதுக்கப்பறம்தான் "தம்பி அப்படியே வயல் பக்கம் நாலு அவுட்டோர் எடுத்துடு"ன்னாங்க. வரப்புல நிக்க வச்சேன். அந்தப் பொண்ணால கண்ணத் தொறக்க முடியல, காலையிலேந்து சரியா சாப்பிடவும் இல்ல, அப்படியே தலை சுத்தி உக்காந்துடுச்சு. இளநி வெட்டிக் குடுத்துட்டு கேமராவ பைக்குள்ள வச்சுட்டேன். அது இன்னும் மனச அறுக்குது.

நம்ம டெல்டாவுல சித்திரை முதல் வாரத்துலயும் ஆவணி முதல் வாரத்தை ஒட்டியும் உச்சி வேளையில சூரியன் நேரா தலைக்கு மேல நிக்கும். நெத்தியும் மூக்கும் பளபளன்னு அடிக்கும், கண்ணு ரெண்டும் குழியாட்டம் கருத்துடும், பட்டு வேட்டி வெளுத்துப் போயிடும், பச்சை வயலோட நிறம் வேற கீழேந்து தாடையில ஏறும். மேல துணி புடிச்சா முகம் சரியாகும், ஆனா பின்னாடி வயல் வெளுத்துடும். பெரிய ஃபிளாஷ் வச்சு சமாளிக்கலாம்தான், அந்த வேர்வைக்கு என்ன பண்றது?

ஒரு காலத்துல ஆல்பத்துல ஜோடிக்குப் பின்னாடி ஏதோ பனிமலைய ஒட்டிக் குடுத்தோம். இப்ப பசங்க நம்ம வாய்க்கா, தென்னந்தோப்பு, அரசலாத்துக் கரையில நிக்கணும்னு கேக்குறாங்க, சிரிக்கிறப்ப பேசுறப்ப இயல்பா எடுங்கங்கிறாங்க, எனக்கு அதுல அவ்வளவு சந்தோஷம். அதுக்குத்தான் நல்ல வெளிச்சம் வேணும்.

நான் கேக்குறது அரை மணி நேரம். சித்திரையோ ஆவணியோ, நம்ம பக்கம் 6 மணிய ஒட்டி சூரியன் வந்துடும். தாலி கட்டி, அம்மி மிதிச்சு, அருந்ததி பாத்து சடங்கெல்லாம் முடிஞ்ச கையோட, மேடையில வரிசை நிக்கிறதுக்கு முன்னாடி, ஜோடிக்கு ரெண்டு இட்லி குடுத்து எங்ககூட அனுப்பி வைங்க, 7.15க்குள்ள திரும்பக் கொண்டாந்து விட்டுடுறோம். முகூர்த்தம் 9 மணிக்குன்னா அன்னைக்கு அவுட்டோரே வேணாம், மறுவீட்டு விருந்துக்கு வர்றப்ப சாயங்காலம் 5.30க்கு எடுத்துக்கலாம்.

இன்னொண்ணு, மேட்டூர் தொறந்து தண்ணி ஓடுற நாள்ல ரீல்ஸுக்காக கொள்ளிடத்துல இறங்கி நிக்கச் சொல்லாதீங்க. மணல் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு மேலேந்து பாத்தா தெரியாது, நான் எடுக்க மாட்டேன்.

அடுத்த பத்திரிகை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க போட்டோகிராபருக்கு ஒரு போன் போட்டு இந்த அரை மணி நேரத்தப் பேசி வச்சுக்குங்க.