குகைவாசிக்கு ஒரு கடிதம்

லானியோன், பிரான்ஸ்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள மீரான்,

வாப்பா வஃபாத்தாகி ஐந்து மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பியதோடு சரி. அதற்கப்புறம் எத்தனையோ நாள் ஃபோனை எடுத்து, உன் பெயர் வரைக்கும் போய், வைத்துவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீயும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.

உம்மா இத்தா காலம் முடிந்து வெளியே வந்திருப்பார்கள். என் சலாம் சொல். சாச்சியின் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததாகப் பொன்ராஜ் சொன்னான். அவன் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறான், ஃபோன் செய்தால் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றித்தான். நாங்கள் இங்கே நலம். சின்னவளுக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது, தமிழ் போய்விடுமோ என்று அவள் அம்மா தினமும் உட்கார வைத்து எழுதச் சொல்கிறாள். என் வேலை எப்போதும் போல ஃபைபர் கேபிளோடுதான்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கோயில். பொறுமையாகப் படி, உன் வாப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை விடுதியில் முதல் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வாப்பா உன்னைப் பார்க்க வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ போர்வைக்குள் இருந்தாய். அவர்கள் உன்னை எழுப்பவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து, "இவன் அஸ்ஹாபுல் கஹ்ஃபில் ஒருத்தன் தம்பி, முன்னூறு வருஷம் கழிச்சு எந்திரிப்பான்" என்றார்கள். நான் அது யார் என்று கேட்டேன். நீ எழுந்திருக்கிற வரைக்கும் எனக்குக் கதை ஓடியது. உனக்குக் குகைவாசி என்று பெயர் விழுந்ததும் அன்றைக்குத்தான்.

கொடுங்கோல் அரசனுக்குப் பயந்து குகைக்குள் ஒளிந்த இளைஞர்கள். அவர்களோடு கூடவே போன நாய். இறைவன் அவர்களைத் தூங்க வைத்தான். விழித்தபோது ஒரு நாளோ அரை நாளோதான் தூங்கினோம் என்று நினைத்து, ஒருவன் கையில் வெள்ளிக் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார்கள். அவன் நீட்டிய காசைப் பார்த்ததும் ஊரே திகைத்தது. குர்ஆனில் முன்னூறு வருஷம், அதோடு ஒன்பது என்று வருகிறது என்றார்கள். அது என்ன ஒன்பது என்று நான் கேட்டதும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்கள். உனக்குக் கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தின் காகிதத்தைப் பிரித்து நீவி, அதன் மேலேயே கணக்குப் போட்டார்கள். பிறைக் கணக்கில் வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைவு. முன்னூறு வருஷத்துக்கு 3300 நாள். அதை 354ஆல் வகுத்தால் ஒன்பது, சொச்சம். "சூரியனுக்கு முன்னூறு, பிறைக்கு முன்னூற்று ஒன்பது. பார்த்தியா தம்பி, ரெண்டும் சரிதான்." அந்த எண்ணெய்க் காகிதத்தைப் பல நாள் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

சரி, கோயிலுக்கு வருகிறேன். இங்கே எங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் ப்ளுவாரே பக்கத்தில் 'பழைய சந்தை' என்று பெயர் கொண்ட ஒரு கிராமம். அதைச் சேர்ந்த சின்னக் குடியிருப்பில், நாலைந்து வீடுகளுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே, கருங்கல்லில் கட்டிய ஒரு கோயில் இருக்கிறது. ஏழு புனிதர் கோயில் என்று பெயர். மே மாதம் முதல் தடவை போனேன். இந்தப் பிரெட்டனிப் பகுதி முழுக்கக் கற்கள்தான், உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். கார்னாக்கில் மட்டும் மூவாயிரம் குத்துக்கல் வரிசை கட்டி நிற்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சாந்த்-உசெக் என்ற இடத்தில் ஓங்கி நிற்கும் ஒரு கல்லில் 1674இல் இயேசுவின் பாடுகளின் அடையாளங்களைச் செதுக்கி, உச்சியில் சிலுவையை ஏற்றியிருக்கிறார்கள். ஊர் சனம் பழைய கல்லைக் கும்பிடுவதை விடவில்லை, அதனால் கல்லுக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கோயிலில் கல்லைத் தொடவே இல்லை. மறையூரில் நாம் முனியறை பார்த்தோமே, பக்கக்கற்களை நிறுத்தி மேலே பாறை மூடிய கல்திட்டை, பொன்ராஜ் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்றானே, அதே மாதிரி ஒன்று. மனிதன் இங்கே இரும்பைப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்னால் நிறுத்தியது. 1703க்கும் 1714க்கும் இடையில் கோயில் கட்டியவர்கள் அதை இடிக்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. சிலுவை வடிவத்தில் கோயிலைக் கட்டி, அதன் தெற்குக் கையைக் கல்திட்டையின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுவரின் அடியில் அந்த மூடுபாறை தெரிகிறது. மேலே கொத்தனார் கை பட்ட கல், கீழே யார் கையும் படாத மாதிரி கிடக்கிற கல். இரண்டுக்கும் நடுவில் சுண்ணாம்பு பூசிய ஒரு கோடு. அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

அன்றைக்கு உள்ளே போக முடியவில்லை. கதவுக் கம்பி வழியே ஃபோன் வெளிச்சத்தைக் காட்டினேன். எங்கள் பக்கத்து மாதா கெபி மாதிரி இருட்டு, ஈரம். உள்ளே பீடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சுரூபங்கள். எண்ணினேன், ஏழு. யார் இந்த ஏழு பேர் என்று அங்கேயே நின்று ஃபோனில் தேடினேன். எபேசு நகரத்து இளைஞர்கள். தேசியுஸ் என்ற அரசன் கிறிஸ்தவர்களை வதைத்தபோது குகைக்குள் ஒளிந்தவர்கள். குகை வாசலை அடைத்துவிட்டார்கள். பின்னால் வந்த தியோடோசியுஸ் அரசன் காலத்தில் விழித்தார்கள். ரொட்டி வாங்கப் போனவன் கையில் பழைய காசு.

மீரான், நான் அப்படியே அந்த ஈரச் சுவரில் சாய்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் அது உங்கள் கதை என்று நினைத்திருந்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் வளர்ந்தவன், என் கோயிலில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது உன் வாப்பா. அவர்கள் மார்ச்சில் போனார்கள், மே மாதத்தில் நான் இங்கே நிற்கிறேன். உடனே உன்னைக் கூப்பிட நினைத்தேன். அங்கே சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் குரல் வரவில்லை.

அப்புறம் விடாமல் படித்தேன். இந்த ஊர்க்காரர்கள் பிரெத்தோன் மொழியில் அந்த ஏழு பேரைப் பற்றி நீளமான ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். க்வெர்ஸ் என்று சொல்வார்கள், நம் கதைப்பாட்டு போல. கீழே இருக்கிற கல்வீட்டைக் கட்டியது மனிதன் இல்லை, உலகத்தைப் படைத்தபோது ஆண்டவரே கட்டினார் என்று அதில் வருகிறது. லுஸெல் என்பவர் இதே மண்ணில் பிறந்தவர், 19ஆம் நூற்றாண்டில் வீடு வீடாகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார். இதையும் எழுதி வைத்தவர் அவர்தான்.

அடுத்தவர் லூயி மாசிஞ்ஞோன். இவரைப் பற்றி உன்னோடு ஒரு இரவு முழுக்கப் பேச வேண்டும். 1883இல் பிறந்தவர், அரபு படித்த பெரிய அறிஞர், சூஃபி ஞானி ஹல்லாஜைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவர். இளமையில் இறைநம்பிக்கையை விட்டவர். 1908இல் ஈராக்கில் உயிருக்கே ஆபத்து வந்தபோது பாக்தாதில் ஒரு முஸ்லிம் குடும்பம் அவரைக் காப்பாற்றியது. அங்கேதான் அவருக்கு நம்பிக்கை திரும்ப வந்தது. முஸ்லிம்கள் கையால் திரும்பக் கிடைத்த கிறிஸ்தவம் என்று அவர் கடைசிவரை அதை மறக்கவில்லை. காந்தி மேல் அப்படி ஒரு பக்தி, இங்கே காந்தி நண்பர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். குகைத் தோழர்களை இரண்டு மதமும் கொண்டாடுகிற இடங்களையெல்லாம் தேடிக்கொண்டே இருந்தவர், இந்தக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். ஜூலையில் நடக்கிற ஊர்த் திருவிழாவுக்கு 1954இல் முஸ்லிம்களையும் அழைத்தார். அதே வருஷம் நவம்பரில் அல்ஜீரியப் போர் தொடங்கியது. எட்டு வருஷம். இரண்டு பக்கமும் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சோளக்காட்டுக்கு நடுவே இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாக நின்று ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். போர் முடிந்த 1962ஆம் வருஷம் அக்டோபரில் அவரும் போய்விட்டார். திருவிழா நிற்கவில்லை.

ஜூலை நான்காவது ஞாயிறு. போன மாதம் போனேன். முதல் நாள் இரவு சொக்கப்பனை மாதிரி பெரிய நெருப்பு மூட்டினார்கள், இவர்கள் தான்தாத் என்கிறார்கள். காலையில் கொடிகளோடு சுற்றுப்பிரகாரம், பூசை. க்வெர்ஸ் பாடிய கிழவிக்கு எண்பது வயதுக்குக் குறையாது. குரல் உடைந்துதான் இருந்தது, ஆனால் ஒரு வரியையும் விடவில்லை.

அன்றைக்குக் கல்திட்டையைத் திறந்து வைத்திருந்தார்கள். குனிந்துதான் போக வேண்டும். தலைக்கு மேலே அத்தனை பெரிய பாறை, அதன் மேலே கோயில், அதற்குள் பாடுகிற சனம். எல்லாம் கல் வழியாக இறங்கி உள்ளே முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. ஏழு சுரூபங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெழுகுவர்த்திப் புகை ஏறியிருக்கிறது. எட்டாவதாக நாய் இருக்கிறதா என்று குனிந்து, பீடத்துக்குப் பின்னால் வரைக்கும் தேடினேன். இல்லை. எங்கள் கதையில் நாய் கிடையாது. வாப்பா அந்த நாய் குகை வாசலில் முன்கால் நீட்டிப் படுத்திருந்ததைத் தன் கைகளை என் கட்டிலில் நீட்டிக் காட்டினார்களே, அது நினைவுக்கு வந்து மனசு என்னவோ போலாகிவிட்டது.

பூசை முடிந்ததும் எல்லோரும் கீழே ஊற்றுக்கு இறங்கினார்கள். கல்லில் ஏழு துளை, ஏழிலும் தண்ணீர் வருகிறது. அங்கே ஒரு இமாம் நின்று, குகைத் தோழர்களின் கதை வருகிற சூரத்துல் கஹ்ஃப் ஓதினார். நீ வெள்ளிக்கிழமைகளில் ஓதுவதைக் கேட்ட காதுதானே, ராகம் உடனே பிடிபட்டது. எனக்கு அரபு தெரியாது. ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். வாப்பா சொல்லித் தந்தது. "கல்பு என்றால் நாய். நாம பேச்சில் கல்பு என்கிறது இதயம். அரபியில் ரெண்டுக்கும் முதல் எழுத்து வேற, நம்ம வாயில் ரெண்டும் ஒண்ணாயிடுது. அதனால ஓதும்போது கவனமா இருக்கணும் தம்பி." அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வந்தது. 'கல்புஹும்.' அவர்களுடைய நாய். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மூன்று முறை அடுத்தடுத்து வந்தது. அவர்கள் மூன்று பேர், நான்காவது அவர்களுடைய நாய் என்பார்கள்; ஐந்து பேர், ஆறாவது நாய் என்பார்கள்; ஏழு பேர், எட்டாவது நாய் என்பார்கள்; எண்ணிக்கையை இறைவன் அறிவான் என்று வருகிற இடம். உள்ளே பீடத்தில் இல்லாத நாய் இங்கே ஊற்றங்கரைக்கு வந்துவிட்டது. நான் அழுதேன். பக்கத்தில் நின்ற, க்வெர்ஸ் பாடிய அந்தக் கிழவி ஒன்றும் கேட்காமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே வாப்பாவுக்காக வேண்டிக்கொண்டேன். எங்கள் ஜெபம் ஒன்று சொன்னேன். அப்புறம் நீ சொல்லித் தந்த பாத்திஹா, எவ்வளவு ஞாபகம் இருந்ததோ அவ்வளவு. தப்பு இருந்தால் மன்னித்துக்கொள். ஜனாஸாவுக்கு நான் வந்திருக்க வேண்டும். விமானம் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. டிக்கெட் இருந்தது. அந்த வாரம் விடுப்புக் கேட்கத் தயங்கினேன். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு இப்போது ஒரு கவலை. அந்த ஊற்றங்கரையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் தலை நரைத்தவர்கள். க்வெர்ஸைக் கிழவிக்கு அப்புறம் யார் பாடுவார்கள் என்று கேட்டேன், அவள் தோளைக் குலுக்கினாள். நான் அடுத்த வருஷம் சின்னவளைக் கூட்டிப் போகப் போகிறேன். கதையை அவளுக்குச் சொல்லியாகிவிட்டது, நாயோடு சேர்த்து. கணக்கையும் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வகுத்தல் இன்னும் வரவில்லை அவளுக்கு, ஒன்பது என்று மட்டும் பிடித்துக்கொண்டாள்.

நீ வா மீரான். ஜூலை நான்காவது வாரம். உம்மாவுக்கும் முடியுமென்றால் கூட்டி வா, நடக்க வேண்டிய தூரம் அதிகமில்லை. விசாவுக்கு வேண்டிய கடிதத்தை நான் இங்கிருந்து அனுப்புகிறேன். டிசம்பரிலேயே ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஊருக்கு வருகிறோம். வந்ததும் நேரே காயல்பட்டினம்தான், வாப்பாவை அடக்கம் செய்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போ.

ஊற்றுத் தண்ணீர் ஒரு சின்னக் குப்பியில் எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் போடப் பயமாக இருக்கிறது, கையோடு கொண்டு வருகிறேன். அந்த நாயின் பெயர் கித்மீர் என்று நீதான் சொன்னாய். அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போகிற கடிதங்களின் மேல், வழியில் தொலையாமல் இருக்க அந்தப் பெயரை எழுதுவார்களாம். உறையில் உன் முகவரிக்கு மேலே நானும் எழுதியிருக்கிறேன். தபால்காரர் கேட்டால் சொல்லிவிடு.

உன்
அந்தோணி