தூரத்து அணிகளைப் பத்து மணிக்கு விளையாட விடுங்கள்

பாடசாலைக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளை ஒழுங்கு செய்யும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரையிறுதியில் 20–0 என்று எழுதி அனுப்பப்பட்ட அணியில் என் மகளும் ஒருத்தி. நடந்தது உங்களுக்குத் தெரியும். குறித்த நேரம் கடந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து பேர் தயாராக நிற்காவிட்டால் எதிரணிக்கு வெற்றி, புள்ளி 20–0. அது சர்வதேச விதி, அதில் நான் பிழை சொல்ல வரவில்லை. எங்கள் வான் மைதான வாசலுக்கு வந்தபோது எட்டு மணி பதினெட்டு நிமிடம். நான் பிழை சொல்வது ஆட்டத்துக்குக் குறித்த அந்த எட்டு மணியை.

முல்லைத்தீவு மாவட்டத்தில், பரந்தன் வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். போட்டி நடந்த யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர். ஆட்டம் காலை எட்டுக்கு என்ற செய்தி வட்ஸ்அப்பில் வந்தது முதல்நாள் இரவு எட்டே முக்காலுக்கு. வான் பிடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். இரண்டு பிள்ளைகள் காட்டோரக் குடியேற்றத்தில் இருக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களை எங்கள் வீட்டில் படுக்க வைத்திருப்பேன். அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பினால் ஒழுங்கை முகப்பில் தனியன் யானை. சாரதி லைற்றை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, "ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது" என்றார். முக்கால் மணித்தியாலம். பின் சீற்றில் அணித் தலைவி பனி பிடித்த கண்ணாடியில் விரலால் கோடு கீறி, யார் எங்கே நிற்பது என்று சைகையில் காட்டிக்கொண்டிருந்தாள். யானைக்கு உங்கள் நேர அட்டவணை கிடைக்கவில்லை போலும்.

ஆனையிறவு தாண்டும்போதே எல்லோரும் சப்பாத்துக் கட்டி முடித்துவிட்டார்கள், இறங்கினதும் ஓடலாம் என்று. ஓடினார்கள். ஆட்டம் முடிந்துவிட்டதாம். எதிரணிப் பிள்ளைகளே வந்து, "நாங்கள் விளையாடுறம், சேர்" என்று கேட்டுப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி.

இந்த அணி எப்படி அரையிறுதி வரை வந்தது என்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் இருப்பது கிறவல் நிலம். பந்தைத் தட்டினால் கைக்குத் திரும்பி வராது, கல்லில் பட்டுத் தன்பாட்டில் போகும். அதனால் தட்டாமலே கைமாற்றி விளையாடப் பழகினார்கள். முதல் ஆட்டத்தில் பந்தைத் தட்டாமல் அடி வைத்ததற்கு நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். படுதோல்வி. அப்புறம் பக்கத்து வீட்டு ஐயா நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தைப் பின்னேரங்களில் தந்தார். வளையம் இல்லை, பந்து தட்ட மட்டும் பழகினார்கள். அறுவடை தொடங்கியதும் தளம் நெல்லுக்குப் போய்விட்டது, சரி, அது நியாயம்தானே. அதற்குள் கை பழகிவிட்டது. அந்தத் தோல்விக்குப் பிறகு அரையிறுதி வரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. கைமாற்றும் வேகம் கிறவல் தந்தது, தட்டும் கை நெல்தளம் தந்தது. வயதெல்லை தாண்டிப் போகிறவர்கள் இரண்டே பேர். மிச்சப் பத்துப் பேரும் அடுத்த வருடமும் வருவார்கள், எட்டு மணி வைத்தால் மீண்டும் எட்டே காலைத் தாண்டித்தான் வருவார்கள்.

ஆகவே கேட்கிறேன்: தூரத்து அணிகளின் ஆட்டத்தைப் பத்து மணிக்கு முன் வைக்காதீர்கள்.

பரிசளிப்புக்கு வரும் பெரியவர்கள் மேடையில் தர்ஜினி சிவலிங்கத்தைப் போல வரவேண்டும் என்று பிள்ளைகளை வாழ்த்துகிறார்கள். நல்ல வாழ்த்து. 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடியவர் அவர். பிறகு, "வன்னிப் பிள்ளைகளிடம் திறமை உண்டு, வாய்ப்புத்தான் இல்லை" என்று இயற்கை அனர்த்தம் பற்றிப் பேசுவதுபோலப் பேசிவிட்டு இறங்குகிறார்கள். வாய்ப்பு மழையா, தானாகப் பெய்ய? ஆட்ட அட்டவணையை ஒருவர் மேசையில் இருந்து எழுதுகிறார். மைதானத்துக்கு நடந்தே வரக்கூடிய பாடசாலைகள் அதே அட்டவணையில் பதினொரு மணிக்கு ஆடியதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சீமெந்துத் தளம் கேட்க இந்த மடலை எழுதவில்லை, அதற்குக் காசு வேண்டும் என்பீர்கள். நேரத்தை மாற்றக் காசு வேண்டாம். எட்டு மணி ஆட்டத்தைக் கிட்ட உள்ளவர்களுக்குக் கொடுங்கள். தூரத்து அணிகளுக்குப் பத்து மணிக்குப் பிறகு, அதையும் மூன்று நாள் முன்னதாகத் தயவுசெய்து அறிவியுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் முதல்நாளே வந்து தங்க எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது.

பணிவுடன்,
அணியில் ஒருத்தியின் தாய்,
முல்லைத்தீவு மாவட்டம்