மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு சொற்பொழிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 68. மேற்கு மாம்பலத்தில் இருக்கிறேன். 1978-ல் தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அது பிஎஸ்என்எல் ஆன பிறகும் வேலை பார்த்து, 2017-ல் ஓய்வு பெற்றேன். உங்கள் பத்திரிகையில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைக் காலைக் காபியோடு படித்துவிட்டுத்தான் மற்றப் பக்கங்களைத் திருப்புவேன். சங்க இலக்கியம், சோழர் கல்வெட்டு, இதய நோய், விண்வெளி என்று ஊரில் எங்காவது ஒரு நல்ல சொற்பொழிவு இருக்கிறது. பேனாவால் வட்டம் போடுவேன். அப்புறம் நேரத்தைப் பார்ப்பேன். மாலை ஆறு, ஆறரை. போக முடியாது என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவேன்.

ஏன் முடியாது என்று கேட்பார்கள். இரண்டு வருடம் முன்பு முடியும் என்று நினைத்துத்தான் போனேன். கல்வெட்டு பற்றிய உரை. அழைப்பிதழில் ஆறு மணி. ஆறே முக்காலுக்கு விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம். யாரைக் கேட்க வந்தோமோ அவர் மைக்கைப் பிடித்தபோது மணி ஏழு ஐம்பது. இருபது நிமிடம்தான் கேட்டேன். ரொம்ப நன்றாகப் பேசினார். ஆனாலும் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அப்போது இடது கண்ணில் மட்டும் புரை அறுவை ஆகியிருந்தது. எதிரே வரும் வண்டியின் விளக்கு மத்தாப்பு மாதிரி சிதறித் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நடைபாதையில் தோண்டிப் போட்ட பள்ளம் தெரியவில்லை. கால் பிசகி ஒரு மாதம் கட்டு. "இனிமேல் ராத்திரியில தனியா எங்கேயும் போகக் கூடாது" என்று மகள் லண்டனிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அந்த லண்டனில்தான் நான் சொல்ல வந்த விஷயத்தைப் பார்த்தேன். 2024-ல் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்தேன். பகலில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். ஒருநாள் மகள் ஒரு சீட்டில் ரயில் நிறுத்தத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். "இங்க இறங்கிக்கோ, ஒரு மணிக்கு லெக்சர், காசு கிடையாது" என்றாள். கேன்ட்ஸ் ஹில்லில் ஏறினால் வண்டி மாறாமல் சான்சரி லேன். அங்கிருந்து நாலு எட்டு. ஒரு சின்னச் சந்துக்குள் நுழைந்தால் பழைய மரக்கூரை போட்ட ஒரு மண்டபம். கிரஷாம் கல்லூரி என்று பெயர். கல்லூரி என்றாலும் மாணவர் சேர்க்கை கிடையாது, தேர்வு, பட்டம் எதுவும் கிடையாது. தாமஸ் கிரஷாம் என்ற பெரிய வணிகர் தன் உயிலில் எழுதிவைத்த சொத்திலிருந்து 1597-ல் ஊர் மக்களுக்காகத் தொடங்கிய இலவசச் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனாலும் வேலை நாளில் ஒரு மணிக்கு வருகிறவர்கள் யார்? பாதிக்கு மேல் என்னைப் போல நரைத்த தலைகள். கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரியாக ஒரு மணிக்குப் பேராசிரியர் பேச ஆரம்பித்தார். இரண்டு மணிக்குள் கேள்வி பதிலும் முடிந்தது. அன்று செயற்கைக்கோள்களைப் பற்றிய பேச்சு. இங்கே கொஞ்சம் என் கதையைச் சொல்ல வேண்டும்.

1980-களில் நான் வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் இருந்தேன். தலையில் ஹெட்செட், எதிரே வயர் செருகும் பலகை, கையில் அழைப்பு விவரம் எழுதும் டிக்கெட். அந்தமானில் இருக்கும் போர்ட் பிளேருக்குப் போகும் அழைப்புகள் எங்களுக்குப் பெரிய சோதனை. இங்கே அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பார். பதில் வராது. கேட்கவில்லை போல என்று மறுபடி "சாப்பிட்டியா?" என்பார். அதே சமயம் அங்கிருந்து "சாப்பிட்டேம்மா" என்று வந்து இரண்டும் மோதிக்கொள்ளும். இருவரும் சேர்ந்தாற்போல் நிறுத்துவார்கள், சேர்ந்தாற்போல் மறுபடி ஆரம்பிப்பார்கள். மூன்று நிமிட அழைப்பில் ஒரு நிமிடம் இதிலேயே போய்விடும். நான் குறுக்கிட்டு, "அம்மா, நீங்க ஒண்ணு கேட்டுட்டு கொஞ்சம் பொறுங்க, பதில் வரும்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! 'சாட்டிலைட் லைன், அப்படித்தான் இருக்கும்' என்று சூப்பர்வைசர் சொல்வார். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தப் பேராசிரியர் திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிய வேண்டுமானால் அது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டும். பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிக்கும். நாம் பேசுவது மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும். பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. அவ்வளவுதான். அந்த அரை நொடியில்தான் அத்தனை அம்மாக்களும் பிள்ளைகளும் தடுமாறினார்கள். உட்கார்ந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இப்போது மகளோடு பேசும்போது அந்தத் தடுமாற்றம் இல்லையே, எப்படி? கையைத் தூக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் ஆங்கிலத்தில் கேட்க நாக்கு எழவில்லை. சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் கேட்டேன். இப்போது பெரும்பாலும் கடலடிக் கேபிள், தூரம் குறைவு என்றார். போர்ட் பிளேருக்கே 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டுவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் வேலை பார்த்த ஊரிலிருந்து போன கேபிள்!

இதெல்லாம் யூடியூபில் கிடைக்குமே என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். கிடைக்கிறது, பார்க்கிறேன். ஆனால் அங்கே என் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை, தண்ணீர் பாட்டில் நீட்டவும் யாரும் இல்லை. கிரஷாம் சொற்பொழிவுகளை அந்தக் காலத்தில் படித்தவர்களுக்காக லத்தீனிலும் ஊர்க்காரர்களுக்காக ஆங்கிலத்திலும் நடத்தினார்களாம். எங்களுக்கு அதுபோல் தமிழில் வேண்டும்.

அப்புறம், நேரம். முதியவர்கள் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் சமையல், பேரப் பிள்ளையைப் பள்ளியில் விடுவது. மூன்றரைக்குத் திரும்ப அழைத்து வரவேண்டும். பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் எங்கள் நேரம். அப்போது பஸ்ஸில் உட்கார இடம் இருக்கும், கண்டக்டர் அவசரப்படுத்த மாட்டார். சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் காசில்லை. சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் தருகிறார்கள். போக வசதி இருக்கிறது, போவதற்கு இடம்தான் இல்லை.

மத்தியானம் யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் மார்கழியில் சபாக்களைப் பார்க்கட்டும். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் வளரும் பாடகர்களின் கச்சேரி, பல இடங்களில் டிக்கெட் கிடையாது. முன் வரிசை முழுக்க எங்கள் வயதுக்காரர்கள்தான். கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். பாட்டுக்கு வருகிறவர்கள் பேச்சுக்கு வரமாட்டார்களா?

இடத்துக்கும் பஞ்சமில்லை. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் எனக்கு மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மாவட்டந்தோறும் மைய நூலகங்கள். நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் போன்றவர்கள் பாடுபட்டு 1948-லேயே இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் போதும். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேச்சு, இருபது நிமிடம் கேள்வி. சாப்பாட்டு நேரம் தள்ளினால் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது, அதனால் வெளியே உட்கார்ந்து டப்பாவைத் திறக்க ஒரு வராந்தா வேண்டும். முதுகு சாய்கிற நாற்காலி, தரைத்தளத்திலேயே கழிப்பறை, கடைசி வரிசைக்கும் கேட்கிற மைக். பொன்னாடை வேண்டாம், வாழ்த்துரை வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் எங்களை மத்தியானத்தில் வெளியே வரச் சொல்வது தப்பு, அந்த இரண்டு மாதம் காலை பத்து மணிக்கு வைக்கலாம். பேசுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற டாக்டர்கள், ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், நெசவு தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களைத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

நூலகத் துறை அதிகாரிகள் கண்ணில் படும்படி இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன். முதல் வாரத்துக்கு யாரும் கிடைக்கவில்லை என்றால் நானே வருகிறேன். டிரங்க் போர்டு எப்படி வேலை செய்தது, போர்ட் பிளேர் அழைப்பில் ஏன் அரை நொடி காணாமல் போனது என்று நாற்பது நிமிடம் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று தோழிகள் கொடுத்த பழைய ஹெட்செட் ஒன்று பீரோவில் இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன். புதன்கிழமை எனக்கு ஒத்துவரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
மேற்கு மாம்பலம், சென்னை