உடைக்கும் முன் ஒரு மாதிரி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சாலை, பால வேலைகளில் கழிவை அள்ள எங்களைக் கூப்பிட்டால், முதலில் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறோம். வண்டியும் ஆட்களும் காத்திருக்கும் நேரத்தில் இது எரிச்சலாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்று விளக்கவே இந்த மடல்.

பழைய இரும்புப் பாலங்களில் துருப் பிடிக்காமல் இருக்க ஈயம் கலந்த சிவப்புப் பிரைமரைப் பரவலாக அடித்தார்கள். மேலே எத்தனை கோட் புதுப் பெயின்ட் ஏறினாலும் அது அடியில் அப்படியே கிடக்கும். சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சிப் பெயின்ட்டை உரிப்பது) செய்தால் தூளாகப் பறக்கும், கேஸ் வைத்து வெட்டினால் புகையாகும். அந்தத் தூள் தொழிலாளியின் சட்டையோடு வீட்டுக்கும் போய்விடுகிறது. ஈயத்தின் கேடு சிறு குழந்தைகளின் மூளையைத்தான் அதிகம் தாக்கும். அதனால்தான் பாலத்தைச் சுற்றிலும் இறுக்கமாக மறைப்புக் கட்டுங்கள், வேலை முடிந்தவர்கள் குளித்து உடை மாற்ற இடம் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். பிளாஸ்டிங் முடிந்து மிஞ்சும் மணலையும் பள்ளம் நிரப்பக் கொட்டிவிடாதீர்கள். அதிலிருந்து தண்ணீரில் எவ்வளவு ஈயம் கசிகிறது என்று ஆய்வகம் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது எங்கே போகலாம் என்பது முடிவாகும்.

சாலையில் சிக்கல் வேறு மாதிரி. எல்லாவற்றையும் ‘தார் ரோடு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமெனைச் சுரண்டி எடுத்து, சூடாக்கி மறுபடி போடலாம். பழைய அடுக்குகளில் நிலக்கரித் தார் இருந்தால் அப்படிச் செய்யவே கூடாது. அதில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் உண்டு, சூட்டில் அவை ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். வெட்டி எடுத்த துண்டின் மேல் இதற்கென்றே உள்ள வெள்ளை ஸ்பிரேயை அடிப்போம். மஞ்சள் கலந்த பழுப்பாக மாறினால் சந்தேகம் வலுக்கும், துண்டு ஆய்வகத்துக்குப் போகும்.

கான்கிரீட் லாரி கழுவிய தண்ணீரின் பிஹெச் 12-ஐத் தொடும், அதாவது கடுமையான காரம். ஓடையில் விட்டால் மீன் செத்துவிடும், அதனால் அதற்குக் கசியாத குழி வேண்டும். கிரியோசோட் (மரம் கெடாமல் இருக்க ஏற்றும் நிலக்கரித் தார் எண்ணெய்) ஊறிய பழைய மரங்களை எரிக்காதீர்கள்.

கலக்காமல் வைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு சைட்டில் வேஸ்ட் ஆயில் டிரம்மில் யாரோ மிச்சத் தின்னரை ஊற்றிவிட்டார்கள். மறுசுத்திகரிப்புக்குப் போக வேண்டிய டிரம் முழுவதும் அபாயக் கழிவாகிவிட்டது. அன்றிலிருந்து லேபிள் ஒட்டாத டிரம்மை நாங்கள் வண்டியில் ஏற்றுவதே இல்லை.

அடுத்த வேலைக்குக் கூப்பிடும்போது பாலமோ சாலையோ எந்த ஆண்டில் கட்டியது, கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தது என்பதையும் பழைய வரைபடத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எங்கே மாதிரி எடுப்பது என்று அதைப் பார்த்தே குறித்துக்கொள்வோம், உங்கள் ஆட்கள் சைட்டில் இறங்குவதற்குள் முடிவும் கைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
கழிவு சேகரிப்புக் குழுவினர்