கதையை இடையில் நிறுத்து, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

ஒட்டுசுட்டானுக்கு அங்கால் உனக்கு நியமனம் கிடைத்து, இரண்டாந்தர வகுப்பைப் பொறுப்பெடுத்ததை அறிந்து மனம் நிறைந்தது. "கதை சொல்ல ஆசைதான் அக்கா, பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் காணாது" என்று எழுதியிருந்தாய். வன்னிக்குப் புதிதாக வரும் வேறு ஆசிரியர்களும் இதையே கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

கதைக்கென்று தனி நேரம் தேடாதே. தமிழ்ப் பாடத்தையே கதையால் நடத்து. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் முதலிரு தரங்களையும் முதன்மை நிலை ஒன்று என்று பிரித்து, எழுத்துவேலையை விட விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடிய இடம் கொடுத்தது. ஆகவே நீ களவாக எதையும் செய்யப்போவதில்லை.

மூன்று கரடிகளின் கதையோடு தொடங்கலாம். வேறு கதைகளில் வருகிற ஓநாய் நம் நாட்டுக் காட்டில் இல்லை, கரடி இருக்கிறது. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் கரடிக்கு எவ்வளவு பயப்படுவார்கள் என்று உன் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆளில்லாத கரடி வீட்டுக்குள் ஒரு சின்னப் பிள்ளை நுழையும் இடத்தில் கதையை நிறுத்து. "இனி என்ன நடக்கும்?" என்று கேள். ஆளுக்கொன்று சொல்வார்கள். உடனே அடுத்த கேள்வி: "ஏன் அப்பிடி நினைக்கிறாய்?" முதற் கேள்வியை எல்லா ஆசிரியர்களும் கேட்பார்கள். இரண்டாவதுக்குத்தான் பிள்ளை கதைக்குள் திரும்பிப் போய்க் காரணம் தேடுகிறது.

"என்ர கஞ்சியை ஆர் குடிச்சது?" என்று பெரிய கரடி, நடுக் கரடி, குட்டிக் கரடி மூன்றும் கேட்கும். மூன்றாவது முறை உனக்கு முன்னமே வகுப்பு சொல்லிவிடும். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாய்த் தொட்டுச் சொல்ல விடு. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையும், வாய்க்குப் பழகிய வரி என்பதால், எந்தச் சொல் எங்கே நிற்கிறதென்று கண்டுபிடித்துவிடும். ஆசிரியர் போதாமல் மூன்றாந்தரப் பிள்ளைகளையும் உன்னோடு இருத்தினால் பயப்படாதே. சிறியவர்கள் படங்களைக் கதை ஒழுங்கில் அடுக்கட்டும், பெரியவர்கள் படத்துக்கொரு வசனம் எழுதட்டும்.

1984இல் பலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள், வாசிக்கத் தெரிந்தும் பொருள் விளங்காத ஏழாந்தர மாணவர்களோடு நான்கு வேலைகளைச் செய்தார்கள்: ஊகித்தல், கேள்வி கேட்டல், விளங்காததைத் தெளிவாக்கல், சுருக்கிச் சொல்லல். மாணவர்களே மாறிமாறி ஆசிரியராக இருந்து நடத்தினார்கள். வாசித்ததை விளங்கிக்கொள்ளும் திறன் அவர்களுக்கு நன்றாகவே கூடியது. ஏழு வயதில் இதையெல்லாம் வாயாலேயே செய்யலாம்.

முடிவில் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று மட்டும் கேட்காதே. உனக்குப் பிடித்த பதிலைப் பிள்ளை ஒப்புவிக்கும். யோசிப்பது அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக, குட்டிக் கரடி அன்றிரவு தாயிடம் என்ன சொல்லியிருக்கும் என்று கேட்டுப் பார்.

இன்னொன்று, இதை நிதானமாக வாசி. காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை (ஹன்சல், கிரெட்டல்) கதையை எடுத்தவுடன் சொல்லாதே. 2009இல், போரின் முடிவில், இந்த மண்ணில் குடும்பங்கள் எப்படிச் சிதறின என்று உனக்குத் தெரியும். உன் பிள்ளைகள் அதன் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் காணாமற்போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கிற அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். மாற்றாந்தாயோடு சந்தோசமாய் இருக்கிற பிள்ளையும் இருக்கலாம். ஜெர்மன் நாட்டுக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இந்தக் கதையை 1812இல் வெளியிட்டபோது பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய். பிறகு அவர்களே அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். கரடிக் கதையும் 1837இல் அச்சில் வந்தபோது வீட்டுக்குள் நுழைந்தவள் ஒரு கிழவிதான். சொன்னவர்களே மாற்றிய கதைகளை நீயும் உன் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றலாம். முதலில் ஒவ்வொரு வீட்டையும் அறிந்துகொள்.

கிழவி என்றதும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதை நினைவுக்கு வருகிறது. நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் வந்த கிழவி, எண்ணெய் இல்லையென்றதும் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னதும், பேன் பார்க்கச் சொன்ன தலையில் கண்களாய் இருந்ததும், பிறகு மறைந்ததும் அங்குள்ள பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வைகாசிப் பொங்கலுக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். இதில் நீ கேட்பவள், அவர்கள் சொல்பவர்கள். வீட்டில் அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டு வரச் சொல். ஒரு வீட்டில் மாடு, இன்னொரு வீட்டில் ஆடு என்று வரும். எது சரியென்று தீர்ப்புச் சொல்லாதே. எது ஒன்று, எது வேறு என்று அவர்களே கரும்பலகையில் பிரித்து எழுதட்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று இருக்கும் பார், அதை முதலில் சொல்ல விடு.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையைச் சொல்லிப் பெற்றோர் நெருக்கினால், ஒருநாள் வகுப்புக்குள் கூப்பிட்டு இருத்தி, தங்கள் பிள்ளை காரணம் சொல்லிப் பேசுவதைக் கேட்க விடு.

திங்கட்கிழமை கரடிக் கதையைத் தொடங்கு. எந்த இடத்தில் நிறுத்தினாய், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்பு. அடுத்த கதையை அதைப் பார்த்துத் தெரிவு செய்வோம்.

அன்புடன்,
அக்கா