அந்த ஒரு பத்தியைத் திருத்தி எழுதுங்கள்

நியூசிலாந்துப் பிள்ளைகள் பள்ளியில் என்ன வரலாறு படிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம். ஆக்லாந்தில் 11 வருடமாகக் குடியிருக்கும் ஒரு தமிழ் அம்மா எழுதுகிறேன். போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு பாடத்தாள் கொண்டுவந்தாள். இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்தில் அரசு நடத்திய 'நேட்டிவ் ஸ்கூல்' பற்றி அதில் ஒரே ஒரு பத்தி. 1867-இல் சட்டம் வந்தது, அரசு மாவோரி ஊர்களில் பள்ளிகளைத் திறந்தது, பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பேசாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். முடியவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பள்ளியில் 1940-களில் படித்தவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

ஐந்து வயதில் பள்ளியில் சேர்த்தபோது அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. முதல் வாரமே, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று தனக்குத் தெரிந்த மொழியில் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் கேள் என்றாராம் ஆசிரியர். தெரிந்தால் கேட்டிருக்க மாட்டாரா? உட்கார்ந்த இடத்திலேயே கவுன் நனைந்துவிட்டது. அப்புறம் தோல்வாரால் உள்ளங்கையில் அடி. நனைத்ததற்காக அடித்தார்களா, மாவோரி பேசியதற்காக அடித்தார்களா என்று இன்றுவரை தெரியவில்லை என்றார். தன் ஐந்து பிள்ளைகளிடமும் அவர் மாவோரியில் பேசவே இல்லை, அவர்களும் அடி வாங்கக் கூடாது என்று. நானும் மகளும் வேலியோரம் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் இதையெல்லாம் சொன்னார். "உன் பொண்ணு உன் பாஷையிலேயே பதில் சொல்றாளே" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

நான் கேட்பது ஒன்றுதான். தாய்மொழி பேசியதற்காக அரசுப் பள்ளியில் பிள்ளைகள் அடிவாங்கினார்கள் என்பதை எல்லாப் பள்ளிப் பாடத்திலும் எழுதுங்கள், அடிவாங்கியவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.

அடிக்கச் சொல்லிச் சட்டத்தில் இல்லை என்பீர்கள். ஆங்கிலம் வேண்டும் என்று மாவோரிப் பெற்றோரே 1876-இல் மனுக் கொடுத்தார்கள் என்றும் சொல்வீர்கள். சரி, கொடுத்தார்கள். ஆங்கிலம் கேட்டவர்கள் அடியையும் சேர்த்தா கேட்டார்கள்? பள்ளிக்கு நிலம் கொடுத்தவர்கள் அவர்கள். 1871 வரைக்கும் கட்டடச் செலவில் பாதியும் ஆசிரியர் சம்பளத்தில் கால்பங்கும் அவர்கள் தலையில்தான். தன் நிலத்தில், தன் காசில் எழுந்த பள்ளியில் தன் பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்றால் அதை என்னவென்று சொல்வது? இது அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை.

படித்தவர்களையாவது விட்டார்களா? மாவோரிப் பையன்களுக்கான உயர்நிலைப் பள்ளியான டே அவுட்டே கல்லூரியில் படித்துவிட்டுப் போன ஆபிரானா ஙாட்டா இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரி. அப்படிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய கல்லூரியைப் பார்த்து, மாவோரிப் பையன்களுக்கு விவசாயம் போதும், பல்கலைக்கழக நுழைவுப் படிப்பைக் குறையுங்கள் என்று 1900-களின் தொடக்கத்தில் நெருக்கியது கல்வித் துறையின் மேலதிகாரி ஜார்ஜ் ஹாக்பென். பெண் பிள்ளைகளுக்கோ தையலும் சமையலும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்களுக்குத் தெரிந்த கணக்கையே சொல்கிறேன். 1913-இல் மாவோரிப் பள்ளிப்பிள்ளைகளில் 90 விழுக்காட்டினர் மாவோரி பேசினார்கள். 1953-இல் 26. 1975-இல் 5 கூட இல்லை. அறுபது வருடத்தில் ஒரு மொழி பிள்ளைகளின் வாயிலிருந்து இப்படிப் போனதற்கு ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அதில் இருந்த பங்கைப் பள்ளிக்கூடமே சொல்லித்தர வேண்டாமா? என் மகள் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள், யாரும் அவளைத் தடுப்பதில்லை. இந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது அது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

தயவுசெய்து அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள். 1969-இல் கடைசி மாவோரிப் பள்ளிகளும் மற்றப் பள்ளிகளோடு சேர்க்கப்பட்டுவிட்டன, அவற்றில் படித்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுவிட்டேன், யாராவது வந்து கேட்டால் சொல்லத் தயார் என்றார். காலை நேரத்தில்தான் தெம்பாகப் பேசுகிறார். சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா