பாறைக் கடற்கரையில் படம் பழகுவோருக்கு முதலில் கடலைச் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாறைகள் நிறைந்த கடற்கரையில் இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கப் பழகுவது குறித்துத் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எந்த லென்ஸ் வேண்டும், எந்த ஃபில்டர் வேண்டும், சூரியன் மறைவதற்கு எவ்வளவு முன்னதாகப் போய்ச் சேர வேண்டும் என்பனவெல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகளாகப் பாறைக் கரைகளில் படமெடுத்தும், புதிதாகப் பழகுவோரை உடன் அழைத்துச் சென்றும் வருபவன் என்ற முறையில், அந்தக் கட்டுரையை நம்பிக் கேமராவோடு கிளம்பும் இளைஞர்களை நினைத்துக் கவலையோடு இதை எழுதுகிறேன்.

மலையையோ வயல்வெளியையோ படமெடுக்கப் பழகுபவருக்கு மணிக்கு மணி மாறுவது ஒளிதான். கடலோரத்தில் கால் வைத்து நிற்கும் இடமே மாறிவிடுகிறது. காலையில் பார்த்துவைத்த பாறை மாலையில் தண்ணீருக்குள் இருக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று காலை 6 மணிக்கு முழுதாக வற்றும் கடல் நாளை 6.50 மணியளவில்தான் அந்த நிலைக்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அரைநிலா நாள்களில் இரண்டும் சிறிது. இவ்வளவு பலருக்கும் தெரிந்திருக்கலாம். படமெடுப்பவருக்குப் பெரிதும் உதவக்கூடிய இன்னொரு செய்தி இதற்குள் இருக்கிறது. நாளுக்கு 50 நிமிடம் என்ற இந்தத் தள்ளல் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 12 மணி நேரமாகச் சேர்ந்துவிடுவதால், ஒரு குறிப்பிட்ட கரையில் பெரிய வற்றம் எப்போதும் ஏறக்குறைய அதே கடிகார நேரத்தில்தான் நிகழும். பௌர்ணமியை ஒட்டி விடியற்காலையில் அடிப்பாறை வரை தெரியும் கரையில், அடுத்த அமாவாசையை ஒட்டியும் விடியற்காலையில் அது தெரியும். அந்தக் கரையின் கணக்கு ஒருமுறை பிடிபட்டுவிட்டால், எந்த வாரம் போகலாம், எந்த வாரம் வீட்டிலிருந்து பழைய படங்களைத் திருத்தலாம் என்பதை நாள்காட்டியைப் பார்த்தே தீர்மானித்துவிடலாம்.

ஏற்றம் ஒரே சீராகவும் வருவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்பது கடலோடிகள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. வற்றிய கடலைப் பார்த்துப் பாறை முனைக்கு இறங்கிப் போகும் புதியவருக்கு முதல் ஒரு மணி நேரம் எதுவுமே நகராதது போலத் தோன்றும். அந்தத் தைரியத்தில் அவர் கேமராத் திரையிலேயே கண்ணாக இருக்கும்போது, நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி ஏற்றம் வந்து முடிந்துவிடும். தண்ணீர் முதலில் நிரம்புவது பெரும்பாலும் அவருக்கு முன்னால் இருக்கும் இடமாக இராது. அவர் தாண்டி வந்த பள்ளமாகத்தான் இருக்கும்.

அலையும் அப்படியே ஏமாற்றும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் நாளிலும் வெகுதொலைவில் வீசிய புயல் எழுப்பிய அலைகள் பல நாள் பயணம் செய்து கரைக்கு வந்து சேரும். இரண்டு அலைகளுக்கு இடையே 14, 15 வினாடி இடைவெளி இருந்தால், 6, 7 வினாடிக்கு ஒருமுறை வரும் அதே உயரமுள்ள அலையைவிட அது பாறையின்மேல் மிகக் கூடுதலாக ஏறும். இவை கூட்டம் கூட்டமாக வரும் இயல்புடையவை என்பதால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கடல் அமைதியாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. உயரமான இடத்தில் நின்று குறைந்தது இருபது நிமிடமாவது பார்க்க வேண்டும். அதிலும் கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அலைகள் ஆழங்குறைந்த பகுதியில் வளைந்து திரும்பி, தங்கள் வலிமையை அங்கேதான் குவிக்கின்றன. படத்துக்கு மிக அழகான இடமாகத் தோன்றுவதும் பெரும்பாலும் அந்த முனைதான் என்பதால் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

எங்கே நிற்கலாம் என்பதைப் பாறையே எழுதிவைத்திருக்கிறது. குனிந்து பார்த்தால் பல கரைகளில் பாறையின் பக்கவாட்டில் பட்டை பட்டையாக நிறம் மாறுவது தெரியும். அடியில் பழுப்பும் பச்சையுமாகக் கடற்பாசி. அதற்கு மேலே விரலால் தொட்டால் சுரசுரவென்று கீறும், ஓட்டுக்குள் வாழும் சிற்றுயிர்களான கொட்டலசுகள், சுண்ணாம்பு நிறத்தில் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே, யாரோ தார் பூசிவிட்டுப் போனது போன்ற ஒரு கறுப்புப் பட்டை. அந்தக் கறுப்பு தாரல்ல. அலைத்தெறிப்பில் நனைந்து வாழும் நுண்ணுயிர்களும், பாறையில் ஒட்டி வளரும் லைக்கன்களும் (பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிர்கள்) சேர்ந்து படிந்தது. கொட்டலசு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் தவறாமல் வந்துபோகிறது என்று பொருள். கறுப்புப் பட்டைவரை தெறிப்பு எட்டுகிறது என்றும், நனைந்தால் அங்கே கால் நிற்காது என்றும் பொருள். எனக்குத் தெரிந்து எந்தக் கேமராக் கையேட்டிலும் இது இல்லை. ஆனால் கொட்டலசுக்கும் பாசிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொண்டவர் அதற்குப் பிறகு படத்தின் முன்புறத்தை அமைக்கும் விதமே மாறிவிடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆபத்தைச் சொல்லும் அதே பட்டைகள்தாம் படத்தில் கண்ணை உள்ளே இழுத்துச் செல்லும் கோடுகளாகவும் அமைகின்றன.

கட்டுரையில் ஷட்டர் வேகம் பற்றிச் சொல்லப்பட்டிருந்ததிலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒளியைக் குறைக்கும் அடர்த்தியான என்.டி. ஃபில்டரைப் போட்டு அரை நிமிடம் திறந்துவைத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள், உண்மைதான். பத்து ஸ்டாப் ஃபில்டர், அதாவது ஒளியைப் பத்து முறை பாதியாக்குவது, அதை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதால், 1/30 வினாடி போதுமான இடத்தில் 34 வினாடி தேவைப்படும். ஆனால் பழகும் காலத்தில் இதிலேயே தொடங்குபவர் அலை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போகிறது, ஏனென்றால் எல்லா அலையும் ஒரே வெண்மையாகிவிடுகிறது. முதலில் 1/500 வினாடியில் அலை உடையும் கணத்தைப் பிடிக்கட்டும். பிறகு அரை வினாடிக்கு வரட்டும். அலை ஒரு தட்டையான பாறைமேல் ஏறி, ஒரு கணம் தயங்கி, விளிம்பிலுள்ள பிளவுகளைத் தேடிக்கொண்டு திரும்பும்போது, நுரை முதலில் ஒரே விரிப்பாக இருந்து, பிறகு நான்கைந்து இழைகளாகப் பிரிந்து, ஒவ்வோர் இழையும் தனித்தனிப் பிளவில் வழிந்து விழும். கால் வினாடியிலிருந்து ஒரு வினாடிவரைக்குள்தான் அந்த இழைகள் படத்தில் இழைகளாகவே நிற்கும். பொத்தானை அழுத்த வேண்டியது அலை மோதும்போது அன்று, அது திரும்பத் தொடங்கும்போது. இந்தத் தாளம் கைவந்த பிறகு அரை நிமிடப் படம் எடுப்பவர், எதை மறைக்கிறோம் என்று தெரிந்தே மறைப்பார்.

மற்றவை எளிதில் கற்றுக்கொள்ளக் கூடியவை. லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப்/22 வரை குறைத்தால் எல்லாம் துல்லியமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸை எஃப்/11-இல் வைத்து 1.2 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தாலே 60 செ.மீ. முதல் அடிவானம்வரை தெளிவு கிடைத்துவிடும். போலரைசர் என்னும் ஃபில்டரை நனைந்த பாறையின் பளபளப்பைக் குறைக்க அளவோடு பயன்படுத்தலாம். முழுதாகத் திருப்பினால் ஈரமே தெரியாமல் போய்விடும். உப்பு படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, உப்புத் துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும்; நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்த பிறகே துடைக்க வேண்டும். டிரைபாட் கால்களையும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

இடம் மாறி இடம் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் வலியுறுத்தியிருந்தார். பழகும் காலத்தில் இதற்கு நேர்மாறானதுதான் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் கலிஃபோர்னியாவின் பாயிண்ட் லோபோஸ் பாறைக் கரையை 1929-இல் படமெடுக்கத் தொடங்கினார். நோய் அவரைக் கேமராவிலிருந்து விலக்கிய 1948-இல் அவர் எடுத்த கடைசிப் படமும் அதே கரையில்தான். உலகம் போற்றிய கண் ஒன்றுக்கே ஒரு கரை அத்தனை ஆண்டுகளாகத் தீராதிருந்தபோது, தொடக்க நிலையில் இருப்பவருக்கு ஒரு சிறு குடாவும் அதன் இரண்டு முனைகளும் தாராளமாகப் போதும். ஏற்றத்திலும் வற்றத்திலும், மழைமேகத்திலும் வெயிலிலும் அதே பாறையைப் பார்த்தவருக்குத்தான் எந்த ஒளி எந்தப் பாறைக்குப் பொருந்தும் என்று தெரியவரும். பாளம் பாளமாக அடுக்கிய பாறைக்குப் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயில் வேண்டும். கரும்பாறைக்கும் வெண்ணுரைக்கும் இடையே மேகமூட்டம்தான் இணக்கமானது.

இருண்ட பகுதியும் வெளிச்சமான பகுதியும் ஒரே படத்தில் அடங்காத சிக்கல் இன்று நேற்று வந்ததும் அல்ல. நீல ஒளியை மிகுதியாக ஏற்ற அக்கால ஒளிப்படத் தகடுகளில் வானம் வெளுத்துப் போனதால், பிரான்சின் ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850-களின் பிற்பகுதியில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துக் கடற்காட்சிகளை அச்சிட்டார். இன்று பழகுபவர் வெவ்வேறு ஒளி அளவில் (எக்ஸ்போஷரில்) இரண்டு மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பதைக் குறுக்குவழி என்று பழிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இனி இத்தகைய பயிற்சிக் கட்டுரைகளை வெளியிடும்போது, ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்கும் முறையையும், தனியாகப் போகாமை, திரும்பும் வழியை முதலிலேயே குறித்துவைத்தல், கடலுக்கு முதுகு காட்டாமை ஆகியவற்றையும் ஒரு கட்டத்துக்குள் போட்டுக் கட்டுரையோடு சேர்த்தே அச்சிட வேண்டும். அடுத்து, வாசகர் படப் போட்டிகளுக்கு வரும் படங்களில், அலை உடையும் விளிம்பில் ஆள் நிற்பதையே சிறப்பாகக் காட்டும் படங்களைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அத்தகைய படம் ஒன்று பரிசு பெற்றால், அடுத்த விடுமுறையில் அதே விளிம்புக்குப் பலர் இறங்குகிறார்கள்; அன்றைய கடல் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியாது, நடுவர்களுக்கும் தெரியாது. கட்டத்துக்கான குறிப்புகளைத் தொகுத்துத் தர ஆள் தேவைப்பட்டால், நான் எழுதித் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்